ஃபீனிக்ஸ்: நிறுத்தச் சொல்ல ஆளில்லாத திட்டம்

2016 பிப்ரவரி 24 அன்று கனடாவின் கூட்டாட்சி அரசு, 34 துறைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,20,000 ஊழியர்களை ஃபீனிக்ஸ் என்ற புதிய சம்பள அமைப்புக்கு மாற்றியது. முதல் சில சம்பளச் சுற்றுகளிலேயே புகார்கள் வந்தன. ஆனாலும் ஏப்ரல் 21 அன்று மீதமிருந்த 67 துறைகளும் 1,70,000 ஊழியர்களும் அதே அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டார்கள்.

சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைத்து வந்தது. சிலருக்குக் கூடுதலாக வந்து, பின்னால் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் போனது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், பேறுகால விடுப்பில் போய்த் திரும்பியவர்கள், பருவகால ஊழியர்கள் என்று யாருடைய பணிநிலை மாறியதோ அவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். 2017 ஜூன் இறுதியில் கணக்கெடுத்தபோது 1,50,000-க்கும் மேற்பட்டோரின் சம்பளக் கோரிக்கைகள் தீர்க்கப்படாமல் கிடந்தன. கொடுக்க வேண்டியதையும் திரும்ப வாங்க வேண்டியதையும் சேர்த்தால் பிழைகளின் மதிப்பு 52 கோடி கனடிய டாலரைத் தாண்டியது.

இதைப் பொதுவாக ஒரு மென்பொருள் தோல்வியாகவே சொல்வார்கள். கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் 2017 இலையுதிர்காலத்திலும் 2018 வசந்தகாலத்திலும் வெளியிட்ட இரண்டு அறிக்கைகளைப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. மென்பொருள் கெட்டது கடைசியில்தான். முடிவெடுக்கும் முறை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கெட்டிருந்தது. இந்த ஆய்வில் நான் தேடுவது ஒரே கேள்விக்கான விடை: ‘இப்போது வேண்டாம், நிறுத்துங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது? அவர் காதுக்கு உண்மை நிலவரம் போனதா?

ஒரு திட்டத்துக்குள் இரண்டு திட்டங்கள்

2009-இல் ‘சம்பள நிர்வாக மாற்ற முன்முயற்சி’ என்ற பெயரில் இது தொடங்கியது. மாற்ற வேண்டிய காரணம் நியாயமானதுதான். பழைய அமைப்புக்கு வயது நாற்பது. அதை இயக்கத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தார்கள். வேலையும் சிறியதல்ல. ஏறத்தாழ 2,90,000 பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,200 கோடி டாலர் சம்பளம் போட வேண்டும். தொழிற்சங்க ஒப்பந்தங்களிலிருந்து பிறந்த ஊதிய விதிகள் மட்டும் 80,000-க்கு மேல்.

மொத்தம் 31 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் பாதி, 15.5 கோடி, மென்பொருளுக்கு. மறுபாதி சம்பளப் பணியாளர்களை ஒரே இடத்தில் குவிப்பதற்கு. நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் மிராமிஷி என்ற சிறு நகரம் அந்த இடமாகத் தேர்வானது. அங்கிருந்து இயங்கிய நீள்துப்பாக்கி (ரைஃபிள், ஷாட்கன்) பதிவேட்டை மூட முடிவெடுத்திருந்த அரசு, அதனால் வேலை போகும் ஊருக்கு ஈடாக இந்த மையத்தைக் கொடுத்தது. அரசியலில் இது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆனால் துறைகளில் இருந்த அனுபவசாலிகளில் பெரும்பாலோர் ஊரை விட்டு மிராமிஷிக்குப் போகத் தயாராக இல்லை. 46 துறைகளில் நூற்றுக்கணக்கான சம்பள ஆலோசகர் பணியிடங்கள் நீக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக மிராமிஷியில் 550 பேர், அவர்களில் பலர் புதியவர்கள். புதிய மென்பொருள் வந்தால் வேலை பாதியாகும் என்ற நம்பிக்கையில், மென்பொருள் வருவதற்கு முன்பே ஆட்களை அனுப்பிவிட்டார்கள்.

என் பார்வையில் திரும்ப முடியாத முடிவு இதுதான். இதற்குப் பிறகு ‘தள்ளிப்போடலாம்’ என்று யார் சொன்னாலும், ‘தள்ளிப்போட்டால் பழைய முறையில் சம்பளம் போட ஆள் எங்கே?’ என்ற பதில் தயாராக இருந்தது. 2015 நவம்பரில் ஆட்சி மாறியபோது புதிய அமைச்சர் கையில் வந்து சேர்ந்தது இந்த நிலைமை. பின்னாளில் இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. ஒரு தரப்பு, ஆட்களை அனுப்பியது நீங்கள் என்றது. மறு தரப்பு, பொத்தானை அழுத்தியது நீங்கள் என்றது. இரண்டும் உண்மை.

ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்ற கணக்கும் இந்த முடிவைப் பூட்டிவைத்தது. 2016-17 நிதியாண்டிலிருந்து அந்த மிச்சம் வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். இன்னும் கிடைக்காத சேமிப்பை வரவாக எழுதிவிட்டால், தாமதம் என்பது தொழில்நுட்பச் சிக்கலாக இல்லாமல் நிதித் துரோகமாகத் தோன்றத் தொடங்கும்.

2012: பணம் போதாது என்று தெரிந்த நாள்

2011-இல் ஐபிஎம் நிறுவனம் ஒப்பந்தம் பெற்றது. ஏற்கெனவே சந்தையில் இருந்த பீப்பிள்சாஃப்ட் என்ற மென்பொருளை அரசின் விதிகளுக்கேற்ப மாற்றியமைப்பது வேலை. 2012-இல் திட்டமிடல் கட்டம் முடிந்ததும், கேட்டதையெல்லாம் செய்ய 27.4 கோடி டாலர் ஆகும் என்று அந்த நிறுவனம் சொன்னது. கையில் இருந்த ஒப்புதல் 15.5 கோடி.

இந்த இடத்தில் ஒரு திட்டத் தலைமைக்கு மூன்று வழிகள் உண்டு. நிதி வழங்கும் கருவூல வாரியத்திடம் திரும்பிப் போய்க் கூடுதல் பணம் கேட்கலாம். திட்டத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்து மெதுவாகச் செய்யலாம். அல்லது வேலையை வெட்டிப் பணத்துக்குள் அடக்கலாம். ஃபீனிக்ஸின் நிர்வாகிகள் மூன்றாவதை எடுத்தார்கள். சில செயல்பாடுகளை நீக்கினார்கள், சிலவற்றைத் தள்ளிவைத்தார்கள், காலத்தைச் சுருக்கினார்கள், வேலை செய்யும் ஆட்களையும் குறைத்தார்கள். இத்தனையும் செய்த பிறகு, எட்ட வேண்டிய பலன் மட்டும் பழைய அளவிலேயே காகிதத்தில் நின்றது.

நீக்கப்பட்டவற்றில் ஒன்று, முன்தேதியிட்ட ஊதிய நிலுவையைக் கணக்கிடும் வசதி. கனடா அரசு ஊழியர்களின் ஊதிய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பழையது காலாவதியாகி வெகுநாள் கழித்துத்தான் கையெழுத்தாகும். ஆகவே அரியர்ஸ் என்பது அங்கே எப்போதாவது வரும் விருந்தாளி அல்ல, நிச்சயம் வரும். ஃபீனிக்ஸ் தொடங்கிய பிறகு புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. குறித்த நாட்களுக்குள் நிலுவையைக் கொடுத்தாக வேண்டும். அமைப்பால் முடியாது. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த மிராமிஷி ஆட்கள் கையால் செய்ய வேண்டியதாயிற்று. 2012-இல் ஒரு கூட்டத்தில் மிச்சப்படுத்திய பணத்துக்கு 2017-இல் ஊழியர்கள் வட்டி கட்டினார்கள்.

செலவைக் குறைத்த அதே ஆட்கள்தான், குறைத்ததால் என்ன இடர் வரும் என்பதையும் மதிப்பிட்டார்கள். வேறு யாரும் அந்தக் கணக்கைச் சரிபார்க்கவில்லை.

சோதனை ஓட்டம் என்ன ஆனது?

ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கும் திட்டம் இருந்தது. 2015-இல் அதைக் கைவிட்டார்கள். காரணம் விசித்திரமானது: சோதனை ஓட்டம் நடத்தும் அளவுக்குக்கூட அமைப்பு அப்போது நிலையாக இல்லை. சோதனையைத் தள்ளிவைத்தால் தொடக்கத் தேதியும் தள்ளிப்போகும். எனவே தேதி நின்றது, சோதனை போனது. ஒரு துறையைத் தாங்காத அமைப்பு 101 துறைகளை எப்படித் தாங்கும் என்ற கேள்வியை எந்தக் குழுவும் அதிகாரபூர்வமாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

எல்லாம் சேர்ந்து எப்படி ஓடும் என்று தொடக்கம் முதல் முடிவு வரை சோதித்துப் பார்க்காமலேயே நேரடிப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தோற்றால் பழைய அமைப்புக்குத் திரும்பும் மாற்றுத் திட்டமும் இல்லை.

பின்னோக்கிப் பார்த்து அறிவாளி ஆவது எளிது என்று ஒரு வாதம் உண்டு. இங்கே அது நிற்காது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் ஒரு புதிய சம்பள அமைப்பைத் தொடங்கியிருந்தது. அங்கும் சிக்கலான ஊதிய விதிகள், அவசரம், போதாத சோதனை. பல்லாயிரம் மருத்துவமனை ஊழியர்களுக்குச் சம்பளம் தவறியது. 2013-இல் ஒரு விசாரணை ஆணையம் அதை அந்நாட்டுப் பொது நிர்வாகத் தோல்விகளின் முன்வரிசையில் வைத்தது. செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலராக மதிப்பிடப்பட்டது. அங்கேயும் முதன்மை ஒப்பந்தக்காரர் ஐபிஎம்தான். அந்த அறிக்கை வெளிவந்தபோது ஃபீனிக்ஸ் தொடங்க இரண்டரை ஆண்டுகள் இருந்தன.

யார் யாரிடம் என்ன சொன்னார்கள்

இதுதான் இந்த நிகழ்வின் மையம்.

கனடாவில் ‘துணை அமைச்சர்’ என்பவர் அரசியல்வாதி அல்ல. ஒரு அமைச்சகத்தின் தலைமை அரசு அதிகாரி. பொதுச் சேவை மற்றும் கொள்முதல் அமைச்சகத்தின் துணை அமைச்சர்தான் ஃபீனிக்ஸுக்குப் பொறுப்பு. அவருக்குக் கீழே மூன்று மூத்த நிர்வாகிகள் திட்டத்தை நடத்தினார்கள். தணிக்கை அறிக்கை அவர்களை ‘ஃபீனிக்ஸ் நிர்வாகிகள்’ என்றே குறிப்பிடுகிறது. மேலே போன தகவல் அனைத்தும் இந்த மூவர் வழியாகத்தான் போனது.

ஒரு பெரிய திட்டத்தில் தலைமைக்குத் தகவல் வர இரண்டு பாதைகள் வேண்டும். ஒன்று திட்டத்தை நடத்துபவர்கள் வழி. இன்னொன்று, திட்டம் வெற்றிபெற்றாலும் தோற்றாலும் தன் பெயருக்கு ஒன்றும் ஆகாத ஒருவர் வழி. அமைச்சகத்துக்குள் உள்தணிக்கைப் பிரிவு இருந்தது. அது ஃபீனிக்ஸைத் தொடவில்லை. தணிக்கை செய்திருந்தால் துணை அமைச்சருக்குச் சுதந்திரமான ஒரு தகவல் மூலம் கிடைத்திருக்கும் என்கிறார் தலைமைத் தணிக்கையாளர்.

வெளி மதிப்பீடு நடக்காமலில்லை. அமைச்சகமே ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தித் தயார்நிலையைப் பரிசோதிக்கச் சொன்னது. ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்பதைத் திட்டத் தரப்பே தீர்மானித்துக் கொடுத்தது. விடை எப்படி வரும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். கருவூல வாரியச் செயலகம் தனியே கார்ட்னர் என்ற தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனத்திடம் ஒரு மதிப்பீடு கேட்டது. அது பெரிய இடர்களைச் சுட்டிக்காட்டியது. சிறிய அளவில் தொடங்கவும் பழைய அமைப்பை இணையாக ஓட்டவும் யோசனை சொன்னது. அந்த அறிக்கை கைக்கு வந்தது 2016 பிப்ரவரியில், தொடங்கும் மாதத்திலேயே. எச்சரிக்கை சரியானது, வந்த நேரத்தில் அதை வைத்து எதையும் மாற்ற எவருக்கும் மனமோ வழியோ இருக்கவில்லை.

பல துறைகளிலிருந்தும் கவலைகள் எழுந்தன. தொடக்கத்துக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த கலந்துரையாடல்களில் துறைப் பிரதிநிதிகள் குறைகளைச் சொன்னார்கள். ஆனால் நிர்வாகிகள் துணை அமைச்சரிடமும் மற்றத் துறைத் தலைவர்களிடமும் கொண்டுபோன செய்தி, அமைப்பு தயார் என்பதுதான். சுருக்க விளக்கப் படங்களில் முக்கியக் குறைகள் இடம்பெறவில்லை. துணை அமைச்சருக்கு நிறுத்தும் அதிகாரம் இருந்தது. நிறுத்துவதற்கான காரணம் அவர் மேசைக்கு வரவில்லை.

துறைகளின் பக்கமும் ஒரு ஓட்டை இருந்தது. 101 துறைகளும் இந்த அமைப்பையே நம்பியிருந்தன. ஆனால் அவற்றுக்கு முடிவில் வாக்கு இல்லை. அவர்களைக் கலந்தாலோசித்தார்கள், கேட்டுக்கொண்டார்கள், பதிவு செய்தார்கள். தன் ஊழியரின் சம்பளத்துக்குப் பொறுப்பான துறைத் தலைவருக்கு, ‘என் துறை இப்போது சேராது’ என்று சொல்லும் உரிமை தெளிவாக வகுக்கப்படவில்லை. பொதுவாகப் பகிரப்படும் எந்த அரசு டிஜிட்டல் தளத்திலும் இந்தச் சிக்கல் வரும். தளத்தை நடத்துபவருக்குத் தேதி முக்கியம். பயன்படுத்துபவருக்கு விளைவு முக்கியம். ஆளுகைக் குழுவில் முதலாமவர் தலைமை வகித்து இரண்டாமவர் பார்வையாளராக உட்கார்ந்தால், தேதி ஜெயிக்கும்.

தொடங்கிய பிறகும் செய்தி மெதுவாகவே நகர்ந்தது. சிக்கல் தீவிரமானது என்று அமைச்சகம் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. மேலோட்டமான ஒட்டுப்போடல் உதவாது, அடிப்படைத் தீர்வு வேண்டும் என்று உணர ஏறத்தாழ ஓராண்டு.

எல்லாப் பழியையும் ஃபீனிக்ஸ் மேல் போட்டுவிட முடியாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தவறுதலாகக் கூடுதல் சம்பளம் பெற்றவர் அதே ஆண்டுக்குள் திருப்பிக் கட்டாவிட்டால், கைக்கு வந்த தொகையை அல்ல, வரிப் பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையைக் கட்ட வேண்டியிருந்தது. கண்ணால் பார்க்காத பணத்தைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். வரியைப் பின்னால் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை? இது மென்பொருள் பிழை அல்ல, வருமான வரிச் சட்டம். அதைத் திருத்த 2019 ஆனது. ஒரு அமைப்பு தவறும்போது குடிமக்களோ ஊழியர்களோ எந்தச் சட்டத்தில் போய் மோதுவார்கள் என்று முன்கூட்டியே பார்ப்பதும் தலைமையின் வேலைதான். எந்தத் திட்ட அட்டவணையிலும் அதற்கு வரிசை இருப்பதில்லை.

பிரிட்டன் அதே நேரத்தில்

ஒப்பிட்டுப் பார்க்க வசதியான நிகழ்வு ஒன்று உண்டு. பிரிட்டன் அரசின் ‘யூனிவர்சல் கிரெடிட்’ ஆறு நல உதவிகளை ஒன்றாக்கும் திட்டம். அதுவும் மோசமாகத்தான் தொடங்கியது. 2012-இன் நடுவிலிருந்து ஓராண்டு சொச்சத்துக்குள் ஐந்து பேர் அதன் மூத்த பொறுப்பாளர் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நல்ல செய்தியை மட்டுமே மேலே அனுப்பும் பழக்கம் அங்கேயும் இருந்ததை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2013 செப்டம்பரில் விவரமாக எழுதியது.

ஆனால் அங்கே ஒரு வேறுபாடு. பெரிய திட்டங்களைக் கண்காணிக்கும் தனி அமைப்பு ஒன்று, திட்டத்தை நடத்தும் அமைச்சகத்துக்கு வெளியே இருந்தது. 2013 தொடக்கத்தில் அது உள்ளே புகுந்து பார்த்து, இப்படியே போகக் கூடாது என்றது. அதன் தலைவர் டேவிட் பிட்ச்ஃபோர்டே சில மாதங்கள் திட்டத்தின் பொறுப்பை ஏற்றார். தேசிய அளவிலான தொடக்கம் சுருங்கி, ஏப்ரலில் ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரில் மிக எளிய வகை விண்ணப்பங்களோடு மட்டும் தொடங்கியது. அதுவரை எழுதிய மென்பொருளில் 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ளது வீண் என்று கணக்கில் தள்ளப்பட்டது. 2014-இல் நீல் கூலிங் மூத்த பொறுப்பாளரானார். அதன்பின் நாற்காலி அடிக்கடி கைமாறுவது நின்றது.

யூனிவர்சல் கிரெடிட்டின் கொள்கை மீது கடுமையான விமர்சனங்கள் உண்டு. முதல் தொகைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வைத்தது அதில் முக்கியமானது. அவற்றை நான் ஒதுக்கிவிடவில்லை. இங்கே என் அக்கறை ஒன்றில்தான்: ஒரே மாதிரி நோய் வந்த இரண்டு திட்டங்களில் ஒன்றில் வெளியாள் ஒருவருக்குக் கதவைத் திறந்து உள்ளே வரும் உரிமை இருந்தது. 3.4 கோடி பவுண்டை வீணென்று ஒப்புக்கொள்வது அந்த வாரம் பத்திரிகைகளில் அசிங்கமாக இருந்திருக்கும். கனடாவில் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளும் நெருக்கடி யாருக்கும் வரவில்லை. 2018 ஜூலையில் கனடா செனட்டின் நிதிக் குழு, எதிர்பாராத செலவு 2023-க்குள் 220 கோடி டாலர் வரை போகலாம் என்று கணித்தது.

பண்பாடா, கட்டமைப்பா?

2018 வசந்தகால அறிக்கையில் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் ஃபீனிக்ஸைப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கான நிர்வாகத் தோல்வி என்றார். கூடவே எழுதிய முன்னுரையில் இன்னும் ஒரு படி போனார். தவறுக்கும் இடருக்கும் அஞ்சி, சொன்னதைச் செய்யும் பணிவான அரசுப் பணி உருவாகிவிட்டது. கசப்பான உண்மையைச் சொல்லும் திறனும், அமைச்சர்கள் வரை அதைக் கேட்கும் விருப்பமும் தேய்ந்துவிட்டன என்பது அவர் வாதம். அரசுப் பணியின் உச்சத்தில் இருந்த அமைச்சரவைச் செயலர் மைக்கேல் வெர்னிக் நாடாளுமன்றக் குழு முன் இதை வன்மையாக மறுத்தார். அது தணிக்கை அல்ல, வெறும் கருத்துக் கட்டுரை என்றார்.

நான் ஃபெர்குசன் பக்கம் அதிகம் சாய்கிறேன், ஆனால் முழுதாக அல்ல. பண்பாடு என்று சொல்லிவிட்டால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஃபீனிக்ஸில் அச்சம் வேலை செய்தது உண்மைதான். அந்த அச்சத்தைத் தாண்டி உண்மை மேலே போக வழி ஒன்றை எவரும் கட்டவில்லை என்பதும் உண்மை. உள்தணிக்கையைக் கட்டாயமாக்குவது, மதிப்பீட்டாளரைத் திட்டத் தரப்பு அல்லாமல் நிதி வழங்கும் அமைப்பு அமர்த்துவது, பயன்படுத்தும் துறைகளுக்குச் சேரும் நாளில் வாக்குக் கொடுப்பது, ஆட்குறைப்பைப் புதிய அமைப்பு நிலைபெற்ற பிறகு வைப்பது. இவை எதற்கும் யாருடைய குணமும் மாற வேண்டியதில்லை. உத்தரவு போதும். இந்த வரிசையில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் கடைசியைத்தான் எடுப்பேன். மற்றவை தவறைக் கண்டுபிடிக்க உதவும். அது ஒன்றுதான் கண்டுபிடித்த பிறகு திரும்பிவர உதவும்.

அரசு அமர்த்திய இன்னொரு ஆய்வு, காஸ் கில்ராய் நிறுவனத்துடையது, 2017 அக்டோபரில் வந்தது. 17 பாடங்களை அது பட்டியலிட்டது. என் நினைவில் நிற்பது ஒன்றுதான்: இது மென்பொருள் திட்டமாக நடத்தப்பட்டது, ஆனால் உண்மையில் அரசு முழுவதும் வேலை செய்யும் விதத்தை மாற்றும் முயற்சி. ஒரு மேலாளர் ஊழியரின் பணிமாற்றத்தை எந்த நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாமதித்தால் யார் திருத்துவது என்பவை பழைய நாட்களில் பக்கத்து அறையில் இருந்த சம்பள ஆலோசகரின் தலைக்குள் இருந்தன. அவர் போனதும் அந்த அறிவும் போனது. எந்த ஒப்பந்தத்திலும் அது விலைக்கு வைக்கப்படவில்லை.

2018 வரவுசெலவுத் திட்டத்தில் கனடா அரசு, ஃபீனிக்ஸுக்கு மாற்று தேட இரண்டு ஆண்டுகளுக்கு 1.6 கோடி டாலர் ஒதுக்கியது. தேடல் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது ஃபீனிக்ஸ்தான்.